ஹெரெஸ் நகரத்து வானம்

ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியிலே, அந்தலூசியாவில், ஹெரெஸ் என்றொரு பழம்பதி உண்டு. திராட்சை மதுவுக்கும் நடனமாடும் குதிரைகளுக்கும் பெயர்போன ஊர். வெயில் மிகுந்த அதன் தெளிந்த வானத்தில் இன்று சின்னஞ்சிறு விமானங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதைக் காணலாம். அவற்றைச் செலுத்துவோர், வானத்தையே தொழிலாகக் கொள்ள விழையும் இளைஞர்கள்.

அவர்களுக்கு ஐரோப்பியச் சட்டம் விதிக்கும் நிபந்தனைகள் கடுமையானவை. வயது 18 நிரம்பியிருத்தல் வேண்டும். முதலாம் வகுப்பு வைத்தியச் சான்றிதழ் வேண்டும். வான்சட்டம், வானிலை, வழியறிதல் முதலிய ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 75 புள்ளிகளேனும் பெறல் வேண்டும். படிப்படியாகப் பயில்பவர் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அவற்றுள் 100 மணி நேரம் தாமே விமானத் தலைவராய் இருந்திருத்தல் அவசியம்.

இவையாவும் வெறும் கணக்குத்தானா? இன்னுமொரு விதியைப் பாருங்கள். தலைமைப் பொறுப்பைத் தாமே ஏற்று, குறைந்தது 540 கிலோமீற்றர் தூரம் ஒரு பயணம் செய்து, வழியில் வேறு இரு விமானத் தளங்களில் இறங்கி எழ வேண்டும். முகில் திரண்டால் மேற்செல்வதா, திரும்புவதா? தீர்மானிக்க வேண்டியவர் அவரே.

நாளை அவரை நம்பி எத்தனையோ தாய்மாரும் குழந்தைகளும் நிம்மதியாக உறங்குவார்கள். அந்த உறக்கத்துக்கு இன்றே விலை கொடுக்கிறான் அந்த மாணவன்.