பொறி நின்றது ஏன்?

பழுது பெரும்பாலும் இரண்டு முறை வருகிறது. முதல் முறை தானாக வருகிறது. இரண்டாம் முறை, அதைச் சீர்செய்யப் புகும் நம் அவசரத்தால் வருகிறது. இவ்வுண்மையை அறுபது வயதைக் கடந்த பின்னர், கடல் கடந்த ஓர் ஊரில், நீச்சல் குளமொன்றின் கரையில் நின்று நாங்கள் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

சென்ற ஆண்டு மார்ச் திங்களில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகரை அடுத்து வாழும் எங்கள் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தோம். அவளுடைய ஒன்பது வயது மகனுக்கு மூட்டுவாதம். முதியோர் நோய் என்றே நாங்கள் எண்ணியிருந்த அது சிறுவர்க்கும் வரும் என்பதை அவன் வழியாகவே அறிந்தோம். காலையில் எழுந்தால் முழங்கால்கள் விறைத்திருக்கும். படியிறங்கும்போது கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வான். வெதுவெதுப்பான நீரில் நாள்தோறும் அரை மணி நேரம் கால்களை அசைத்துப் பழக வேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். நீரின் வெப்பம் 88 பாகை ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் சுமார் 31 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். கொல்லையிலிருந்த சிறு குளத்திற்கு, எரிவாயுவில் இயங்கும் ஹீட்டர் ஒன்றை அதற்காகவே பொருத்தியிருந்தார்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒருநாள் அந்த ஹீட்டர் நின்றுவிட்டது. விசையை அழுத்தினால் உயிர்பெறும்; ஒரு நிமிடம் ஆவதற்குள் அணைந்துவிடும். அதன் சிறு திரையில் ‘எல்’, ‘ஓ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் மின்னும். அவற்றை நாங்கள் ‘லோ’ என்று சேர்த்துப் படித்தோம். ஏதோ குறைவு என்று பொருள்கொண்டு, குறைவது எரிவாயுதான் என்று நாங்களே முடிவும் செய்தோம். ஆனால் சமையலறை அடுப்போ குறைவின்றி எரிந்துகொண்டிருந்தது.

மாலையில் மருமகன் பொறியின் கையேட்டைத் தேடி எடுத்துப் படித்த பிறகே செய்தி விளங்கிற்று. அவை ஒரு சொல் அல்ல. இரு சொற்களின் முதலெழுத்துகள். பாதுகாப்பு விசைகளுள் ஏதோ ஒன்று திறந்துகொண்டது என்பதே அவற்றின் பொருள். பொறிக்குள் இத்தகைய விசைகள் பல உண்டு. தண்ணீர் போதிய அழுத்தத்துடன் வருகிறதா என்று ஒன்று பார்க்கும். நீர் அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று மற்றொன்று பார்க்கும். காற்றும் புகையும் தத்தம் வழியில் செல்கின்றனவா என்று வேறொன்று பார்க்கும். எல்லாம் ஒரே சரத்தில் கோத்த மணிகள் போன்றவை. ஒன்று விலகினாலும் எரிவாயு அடைபடும். எந்த மணி விலகியது என்பதை அந்த இரண்டு எழுத்துகள் சொல்வதில்லை. அதைத் தேடிக் காண்பது நம் கடமை.

தண்ணீரின் வழியிலிருந்தே தேடத் தொடங்கினோம். பம்பின் முன்னுள்ள கூடையில் ஓக் மர இலைகளும் பூச்சரங்களும் அடைந்து கிடந்தன, அகற்றினோம். அடுத்தது மணல் வடிகட்டி. தூய்மையாக இருக்கும்போது அதன் அழுத்தமானி சதுர அங்குலத்திற்கு 12 பவுண்டு காட்டும் என்று மருமகன் குறித்து வைத்திருந்தார்; அன்று 22 காட்டியது. எட்டு முதல் பத்து பவுண்டு ஏறினாலே வடிகட்டி அடைபட்டது என்று பொருள். பம்பை நிறுத்தி, வால்வைத் திருப்பி, தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவினோம். இரண்டு மூன்று நிமிடங்களில் வெளியேறும் நீர் தெளிந்துவிட்டது. ஆயினும், நன்றாகவே கழுவுவோம் என்ற ஆர்வத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டோம்.

ஹீட்டர் மறுபடி எரிந்தது. எங்கள் மகிழ்ச்சி ஐந்து நிமிடங்களே நீடித்தது. மீண்டும் அணைந்தது, மீண்டும் அதே இரண்டு எழுத்துகள்.

பழுது பார்ப்போரை அழைத்தால், கோடைக்கு முன்னான வேலைமிகுதியில் பத்து நாள் கழித்தே வர இயலும் என்றனர். குளிர்ந்த நீரில் இறங்கிய பேரன், கால்களை மடக்க முடியாமல் உடனே கரையேறிவிட்டான். அன்றிரவு மருமகனுக்கு அறிமுகமான ஒருவர் தொலைபேசியில் எளிய வழியொன்று கூறினார்: அழுத்த விசையின் இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிக் கட்டிவிட்டால் பொறி நிற்காமல் ஓடும், பத்து நாள் தானே!

மருமகன் திருப்புளியை எடுத்துவிட்டார். எங்களுக்கும் மறுப்புச் சொல்ல மனம் வரவில்லை என்பதை மறைக்காமல் கூறவேண்டும். பேரன் பட்ட வலி எங்கள் கண்ணை மறைத்திருந்தது. அப்போது அருகில் அமர்ந்திருந்த அவன் கேட்டான்:

“தாத்தா, அந்தக் கம்பியைக் கட்டிவிட்டால், தண்ணீர் வரவில்லை என்று யார் சொல்வார்கள்?”

எவரும் விடை கூறவில்லை. மருமகன் திருப்புளியைக் கீழே வைத்தார்.

கம்பியைக் கட்டியிருந்தால் நேரக்கூடியது இதுதான். தண்ணீர் குறைந்த வேளையிலும் நெருப்பு எரியும். உள்ளிருக்கும் செம்புக் குழாய்களில் நீர் கொதிக்கும், குழாய்கள் சேதமுறும், அவற்றை அடுத்த பிளாஸ்டிக் குழாய்கள் இளகும். புகைவழியைக் காக்கும் விசையை அவ்வாறு கட்டினாலோ, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சன்னல் வழியே வீட்டுக்குள் புகவும் கூடும்.

மறுநாள் காலை பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒன்றும் செய்யாமல் கரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சற்று நேரத்தில், குளத்துக்கு நீர் திரும்பி வரும் துளையிலிருந்து குமிழிகள் கிளம்பின. எங்கள் இருவருள் அதை முதலில் கண்டவர் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் கண்ட கணத்தில் இருவர் வாயிலும் ஒரே சொல் வந்தது: “காற்று வாங்குகிறது!”

லால்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் கிணற்றில் கோடைதோறும் கண்ட காட்சியல்லவா அது! கிணற்று நீர் இறங்கி, புட்வால்வு வெளியே தெரிந்தால், பம்பு தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். வாய்க்காலில் நீர் விட்டுவிட்டு விழும். இங்கும் அதுவே நடந்திருந்தது. குளத்துச் சுவரில் மேல்நீரை உள்வாங்கும் ஒரு வாய் இருக்கிறது. நீர்மட்டம் அதன் பாதியளவேனும் நிற்க வேண்டும். முன்னரே சற்றுக் குறைந்திருந்த குளத்திலிருந்து, கால் மணி நேரம் கழுவிய நாங்கள் மேலும் இரண்டு மூன்று அங்குல நீரை வெளியேற்றிவிட்டோம். பம்பு ஓட ஓட அந்த வாயில் நீர் தாழ்ந்து காற்று புகும், அழுத்தம் குறையும், விசை திறக்கும். முதல் நாள் வடிகட்டியின் அழுக்கு; இரண்டாம் நாள் எங்கள் மிகைச் சுத்தம். குறி ஒன்று, காரணம் இரண்டு.

தோட்டத்துக் குழாயை இழுத்துக் குளத்தில் போட்டோம். இரண்டு மணி நேரத்துக்குமேல் நீர் பாய்ந்து, மட்டம் அந்த வாயின் பாதிக்கு ஏறியது. பம்பிலிருந்த காற்றை வெளியேற்றி ஹீட்டரை இயக்கினோம். ஐந்து நிமிடம் கடந்தது, பத்து நிமிடம் கடந்தது, அது நிற்கவில்லை. மறுநாள் மாலை நீர் 88 பாகையை எட்டியது. பேரன் படியில் அமர்ந்து, முதலில் ஒரு காலையும் பின்னர் மறுகாலையும் மெல்ல நீட்டி மடக்கினான். குறித்தபடி வந்த பழுதுபார்ப்பவர் எல்லா விசைகளையும் சோதித்து, குறையேதுமில்லை என்றார்.

இத்தகைய பொறி வைத்திருப்போர், கூடை, வடிகட்டி, நீர்மட்டம் ஆகியவற்றைத் தாமே பார்க்கலாம். இவை சரியாக இருந்தும் பொறி நின்றால், எரிவாயுவிலும் மின்கம்பியிலும் கை வையாது, அறிந்தவரை அழைப்பதே முறை. காத்திருக்கும் பத்து நாளும் வீண் அல்ல.

ஊர் திரும்பிய பின்னும் அச்சிறுவனின் கேள்வி எங்களை விடவில்லை. இல்லங்களில் குறிகாட்டும் எழுத்துகள் எத்தனை! உணவை ஒதுக்கும் பிள்ளை, பேச்சைக் குறைத்துக்கொண்ட மருமகள், காரணமின்றிச் சினக்கும் முதியவர். அவர்களை அதட்டியோ சமாதானப்படுத்தியோ அடக்கிவிடுவது கம்பியை முறுக்கிக் கட்டுவதற்கு ஒப்பாகும். வீடு அப்போதைக்கு ஓடும். ஆனால் உள்ளே நீர் வற்றியதை அதன்பின் நமக்கு யார் சொல்வார்கள்?