பரணிலிருந்து இறங்கிய பாரி நாயனம்

எங்கள் வீட்டுப் பரணில் எட்டு வருஷமாக என்ன இருந்தது, சொல்லுங்கள் பார்க்கலாம்! ஈயம் போன பாத்திரம், கிழிந்த மெத்தை, உடைந்த தொட்டில்... இவையெல்லாம் உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கும். எங்கள் பரணில் கூடுதலாக ஒரு நாயனம் இருந்தது. என் மாமனார் வாசித்தது.

நாங்கள் கும்பகோணத்துப் பக்கம். என் கணவருக்கு ஒரகடத்தில் கார்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் சேரப்பணஞ்சேரிக்குக் குடி வந்தோம். வரிசையாக ஆறு வீடு, நடுவில் எங்களுடையது. சுவர் என்பது பெயருக்குத்தான். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல்! மாமாவின் நாயனம் அவருடைய பட்டு அங்கவஸ்திரத்துக்குள்ளேயே படுத்துவிட்டது.

போன ஜூன் மாதம் ஒருவர் வந்தார். ஹோட்டல்களை அலங்கரிப்பவராம். கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஒரு பழைய நாயனம் வேண்டும், பதினைந்தாயிரம் தருகிறேன் என்றார். பொய் சொல்வானேன்? பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டிய சமயம். என் மனம் ஆடிவிட்டது.

"கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஊதிப் பார்த்துடறேனே, அம்மா!" என்றாள் என் பெண். வயது பதின்மூன்று.

இறக்கினோம். இரண்டரை அடிக்கு மேல் நீளம். பாரி நாயனம் அல்லவா! முற்காலத்தில் இதைவிடக் குட்டையான, சுருதி உயர்ந்த திமிரிதான் வழக்கம். நீண்டு, சுருதி தாழ்ந்த பாரியைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. மாமாவுடையது நரசிங்கம்பேட்டையில் செய்தது. அந்த ஊர் நாயனத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புது மரத்தில் செய்ய மாட்டார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத் தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்கிக் கடைவார்கள். பல காலம் காய்ந்த மரம்தான் பிற்பாடு கோணாதாம்.

என் அத்தை ஒரு நாளும் வாசித்தவரில்லை. ஆனால் ஐம்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். பாயை விரித்து உட்கார்ந்தார். முதலில் உலவு, அதுதான் நீண்ட உடல். கீழே பூ விரிந்தாற்போல் அணைசு. அது தளர்ந்து கழன்று வந்தது. "நூலைச் சுத்தி இறுக்கு. பலமா அடிச்சுடாதே, மரம் வாய் பிளந்துடும்" என்றார். மேலே கெண்டை என்கிற சிறு உலோகக் குழாய். அதற்கும் நூல் சுற்று. அதன் தலையில் சீவாளி.

அங்கேதான் வந்தது வினை. நாணல் தட்டையில் செய்த சீவாளி எட்டு வருஷத்தில் சருகாகி, தொட்டதும் பிளந்தது. மாமாவின் டப்பாவில் நூலில் கோத்த சீவாளிகள் இன்னும் நாலு இருந்தன. மூன்று அதே கதி. நாலாவதை அத்தை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷம் ஒருவரும் பேசவில்லை.

என் பெண் ஊதினாள். காற்றுத்தான் வந்தது. மறுபடி ஊதினாள். கன்னம் சிவந்தது. "கன்னத்தாலே ஊதாதேடி, வயித்திலேர்ந்து ஊது!" என்றார் அத்தை. மூன்றாம் தடவை கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம்! கன்றைத் தேடும் மாடு மாதிரி இருந்தது. சங்கீதமென்று சொல்ல மாட்டேன். ஆனால் அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார் என் கணவர்.

"மதுரைப் பொன்னுத்தாய் பெண் பிள்ளை இல்லாம வேறென்னடா?" என்றார் அத்தை. 2020-இல் தம் கணவரோடு பத்மஸ்ரீ பெற்ற காலீஷாபி அம்மாளை நான் நினைவூட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

இப்போது வாலாஜாபாத்தில் ஒரு பெரியவரிடம் பாடம். விரல் துளை ஏழுதான். ஆனால் பாரியில் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன; சின்ன விரல் எட்ட ஒரு மாதம் ஆயிற்று. ஒரே துளையில் மூச்சையும் உதட்டையும் மாற்றினால் ஸ்வரமே மாறுகிறது. வீணையைப் போல மெட்டு கிடையாது, காதுதான் மெட்டு. பாடம் முடிந்ததும் சீவாளியைக் கழற்றித் துடைத்து, நிழலில் உலர்த்தி, டப்பாவில் வைப்பது என் வேலை. உலவின் உள்ளே துணி விட்டு ஈரத்தை எடுப்பதும் நானே. சாப்பிட்ட வாயைக் கொப்பளிக்காமல் சீவாளியைத் தொடக் கூடாதென்பது அத்தையின் சட்டம்.

எல்லாம் சரி, பக்கத்து வீடு? நாயனம் வீதிக்கும் கோபுர வாசலுக்கும் ஏற்பட்ட வாத்தியம்; பத்தடி அறைக்கு அல்ல. இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கும் பையன் ஒரு ஞாயிறு காலை சிவந்த கண்ணோடு கதவைத் தட்டினான். சண்டை என்றே நினைத்தேன். "அக்கா, ரெண்டு மணி வரைக்கும் மட்டும் விட்டுடுங்க. அப்புறம் எவ்வளவு வேணாலும் ஊதட்டும்" என்றான்.

ஆகவே லீவு நாட்களில், தகரக் கூரை அனலாய்க் கொதிக்கும் இரண்டு மணிக்கு, எங்கள் வீட்டில் சரளி வரிசை. ஹோட்டல்காரர் போன வாரம் மறுபடி போன் செய்தார். இரண்டாயிரம் கூட்டித் தருவாராம். சம்பளத்தின் இரண்டாம் தவணை இன்னும் கட்டவில்லை. "நாயனம் இப்போ பரணிலே இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.