வலசை என்னும் சொல்லும் வங்காலைத் தாராக்களும்

பறவைகளைப் பற்றி எழுதப்புகும் தமிழ்த்துறை மாணவி ஒருத்திக்குச் சங்க இலக்கியம் பெருந்துணையாகவும் அதே வேளையில் ஓரளவு இடையூறாகவும் அமைந்துவிடுகின்றது. குமரித்துறையினின்றும் வடமலை நோக்கிச் செல்லும் அன்னச் சேவலைப் பிசிராந்தையார் விளித்துப் பாடியது புறநானூற்றின் 67ஆவது பாட்டு. பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவரும் வடதிசை செல்லும் செங்கால் நாரையைத் தம் மனைவியிடம் தூதாக விடுத்தார். சில நீர்ப்பறவைகள் தென்கோடியில் ஒரு பருவம் தங்கிப் பின்னர் வடக்கே பெயரும் என்னும் உண்மையை இவ்விருவரும் நன்கு அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாம் அப்பாடல்களைக் கற்கும் முறையில் பறவை விரைவில் மறைந்துவிடுகின்றது. தூது என்னும் இலக்கிய மரபு எஞ்சுகின்றது. அதன் தோற்றமும் வளர்ச்சியும் பரீட்சை வினாவாகின்றன. இமயத்தின் மேலாகப் பறந்து வரும் வரித்தலை வாத்தே பிசிராந்தையாரின் அன்னமாக இருத்தல் கூடும் எனக் கருதுவோர் உளர். அக்கருத்துச் சரியோ பிழையோ, அவ்வாறு ஒரு வினா எழ இடமுண்டு என்பதையே நான் விரிவுரை மண்டபத்துக்கு வெளியில்தான் அறிந்துகொண்டேன்.

எனது தாயாரின் ஊர் மன்னார் மாவட்டத்து வங்காலை. பெருநிலத்திலிருந்து மன்னார்த் தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, கடலூடே இடப்பட்ட ஏறக்குறைய 3 கிலோமீற்றர் நீளமான அணைவீதியில் ஏறுமுன்னர், இருபுறமும் பரந்த வெளியொன்றைக் கடக்கின்றது. கோடையில் அவ்வெளி வெடித்த சேறும் உமரிச் செடியும் உப்புப் பூத்த நிலமுமாய்க் கண்ணைக் கூசவைக்கும். பேருந்திற் செல்வோர் அதனை வெறுந்தரை என்றே எண்ணிக் கண்ணயர்ந்துவிடுவர். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் வானத்து நீரும் கடல் நீரும் கலந்து அவ்வெளி முழங்காலளவு ஆழமான பெருங்கழியாக மாறுகின்றது. மழைநீர் குறையக் குறைய உவர்ப்பு ஏறுகின்றது. சேறு மெல்ல மெல்ல வெளிப்படுகின்றது. ஒரே வெளியில் நன்னீர், உவர்நீர், சேறு, மணல் என அடுத்தடுத்து அமைந்திருப்பதனாலேயே பலவகைப்பட்ட அலகும் காலும் உடைய பறவைகள் அங்கு இரை தேட முடிகின்றது. 2008ஆம் ஆண்டில் இப்பகுதி சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டில் 4,839 ஹெக்டயர் பரப்பு ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஊரவருள் பலருக்கு இச்செய்தி தெரியாது. தெரிந்த சிலருக்கும் அது விறகு வெட்டக் கூடாது என்று கூறும் ஓர் அறிவிப்புப் பலகையாகவே தெரியும்.

விடுமுறைக் காலங்களில் பேராதனையின் குளிரை விட்டு அங்கு செல்லும்போதெல்லாம், விடியற்காலையில் மாமாவுடன் கழிக்கரைக்குப் போவது கடந்த மூன்றாண்டுகளாக எனக்குப் பழக்கமாகிவிட்டது. மாமா இறால் வலை எடுக்கச் செல்வார். நான் கரையில் நிற்பேன். விஞ்ஞான பீடத்துத் தோழியொருத்தி இரவல் தந்த தொலைநோக்கி என் கழுத்திற் கிடக்கும். ஆட்கள் இல்லாத வெட்டைவெளியில் ஒரு பெண்பிள்ளை தனியே நின்று குருவி பார்ப்பதைப் பற்றி ஊரிலே பேச்சு எழாமல் இல்லை. "அவள் படிக்கிறாள், விடுங்கோ" என்று மாமா ஒரே வாக்கியத்தில் அதனை முடித்துவைத்தார்.

கார்த்திகை மாதத்தில் முதன்முதல் அத்தாராக் கூட்டங்களைப் பார்த்தபோது அவை யாவும் ஒரே மண்ணிறமாகவே தோன்றின. ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, நீலச்சிறகி எனத் தமிழிற் பெயர்கள் உண்டு. ஆனால் அப்பெயர்களுக்குக் காரணமான ஊசிவாலையோ நாமத்தையோ அங்கு காண்பது அரிதாயிருந்தது. இதன் காரணம் பின்னரே விளங்கியது. ஆண் வாத்துக்கள் இனப்பெருக்க காலம் முடிந்ததும் தமது பகட்டான இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப்போல் மங்கிய இறகுகளைப் பூணுகின்றன. பறப்பதற்குரிய இறகுகளும் அப்போது ஒருசேர உதிர்வதால் சில வாரங்கள் அவற்றாற் பறக்கவும் இயலாது. மங்கிய நிறமே பகை விலங்குகளின் கண்ணுக்கு அவற்றை மறைக்கின்றது. சிறகு முளைத்ததும் அதே எளிய கோலத்தில் சைபீரியாவிலிருந்து புறப்பட்டு நம் கழியை அடைகின்றன. இங்கு வந்து தங்கியபின்தான் நிறம் மாறுகின்றது. தைப் பொங்கலுக்கு மறுநாட் காலையில் நான் கண்ட ஊசிவால் ஆணுக்குத் தலை கடும் கபிலம். கழுத்தின் இருமருங்கும் வெண்கோடு ஏறியிருந்தது. கருவால் ஈர்க்குப்போல் நீண்டு நீருக்கு மேலே நின்றது. நாமத்தலை வாத்தின் செந்தலையிலோ நெற்றி தொடங்கி உச்சிவரை இளமஞ்சட் பட்டை தெளிவாகத் தெரிந்தது. அது நாமம் என்று மாமாவுக்குக் கூறினேன். அவர் கத்தோலிக்கர், சற்று நேரம் பார்த்துவிட்டு, "எங்களுக்கு இது விசிலடிக்கிற தாரா, பிள்ளை. நெத்தியை ஆர் பாத்தது? இருட்டுக்குள்ள சத்தத்திலதான் பிடிப்பம்" என்றார். அவர் கூறியது உண்மை. மற்றைத் தாராக்கள் பல கரகரத்த குரலில் ஒலியெழுப்ப, நாமத்தலை ஆண்கள் சிறுவர் சீழ்க்கையடிப்பதுபோல நீண்டதொரு ஒலியை எழுப்புகின்றன. வைகறை இருளில் நெற்றிப் பட்டையைவிட அச்சீழ்க்கையே அப்பறவைக்கு உற்ற அடையாளம்.

இந்நிறமாற்றத்தின் பயன் யாதெனில், இவ்வாத்துக்கள் தம் துணையைத் தேர்ந்துகொள்வது பெரும்பாலும் குளிர்காலத்தைக் கழிக்கும் இடத்திலேயே என்பதாகும். அஃதாவது, கலியாணப் பேச்சு வங்காலையில் நடைபெறுகின்றது; குடித்தனம் வடக்கே நடைபெறுகின்றது. வசந்தத்தில் திரும்பும்போது ஆண் தான் பிறந்த இடத்துக்குச் செல்வதில்லை. பெட்டை பிறந்த நீர்நிலைக்கு அவளைப் பின்தொடர்ந்து செல்கின்றது. பெண் வீட்டிலே மாப்பிள்ளை சென்று வாழும் வழக்கமுடைய நம் நாட்டுத் தமிழருக்கு இது வியப்பாக இராது. மாமாவும் அவ்வாறு வங்காலையில் வந்து குடியேறியவரே. இதைக் கூறியபோது மாமி வாய்விட்டுச் சிரித்தார்.

பறவை பார்த்தல் ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு என்றொரு கருத்து எம்மவரிடையே நிலவுகின்றது. நண்பர் ஒருவர் இதனைத் துரைமார் நோய் என்றார். வரலாற்றைப் பார்த்தால் அக்கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. லெக் என்பார் 1878 தொடக்கம் 1880 வரையான காலத்தில் வெளியிட்ட பெருநூலும், ஹென்றி 1955இல் வெளியிட்ட கைந்நூலும் ஆங்கிலேயர் ஆக்கங்களே. எனினும் அவர்களுக்குப் பறவையைப் பிடித்துக் கொடுத்தவர் யாவர்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையிற் பணியாற்றிய லேயார்ட் என்னும் அதிகாரியிடம் முத்து என்றொரு தமிழ் வேலையாள் இருந்தான். பருத்தித்துறையில் கிடைத்த மண்ணிற மார்புடைய சிறு ஈப்பிடிப்பான் ஒன்றுக்கு லேயார்ட் 1854இல் அவன் பெயரையே அறிவியற் பெயராகச் சூட்டினார். இன்றும் உலகெங்கும் அப்பறவை 'முத்துயி' என்றே வழங்கப்படுகின்றது. அது நீர்ப்பறவையன்று, ஆனால் அதுவும் வடகிழக்கு இந்தியா, மியன்மார்ப் பக்கங்களிலிருந்து குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வந்து திரும்புவதுதான். முத்து தன் தாய்மொழியில் அப்பறவையை எவ்வாறு அழைத்தான் என்பதையே நான் அறிய விரும்புகின்றேன். துரை பார்த்தது பெட்டகத்துக்காக. முத்து பார்த்தது பிழைப்புக்காக. மாமா பார்ப்பதும் பிழைப்புக்காகவே. கொக்கும் நாரையும் எங்கே நெருங்கி நிற்கின்றனவோ அங்கே நீரின் ஆழத்தையும் மீனின் வரவையும் கணிக்கின்றார். ஆகவே பறவையைப் பார்ப்பது எம்மவர்க்குப் புதிதன்று. எவ்விதப் பயனும் கருதாது பார்ப்பதுதான் புதிது.

அதற்கும் காலம் இடந்தரவில்லை. யுத்த காலத்தில் அக்கழிக்கரையில் தொலைநோக்கியோடு நிற்பதை எவரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது என்று தாயார் கூறுவார். 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபோது நான் பாலர் வகுப்பிற்கூடச் சேர்ந்திருக்கவில்லை. என் தலைமுறைக்கு வாய்த்திருக்கும் இந்த வெறுமனே நிற்கும் உரிமை எத்துணை அருமையானது என்பதை நான் பெரியோரின் மௌனத்திலிருந்தே ஊகித்துக்கொள்கின்றேன்.

இங்கு ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். இப்பறவைகளை இன்று 'வலசைப் பறவைகள்' என்று எழுதுகின்றோம். அகராதியை எடுத்துப் பார்த்தால் வலசை என்பதற்குப் பகைவர் படைக்கு அஞ்சிக் குடிகள் ஊரைவிட்டு வேற்றிடம் ஓடுதல் என்னும் பொருள் காணப்படும். இப்பொருளில் மன்னார் மக்கள் அச்சொல்லின் முழுச் சுமையையும் அறிந்தவர்கள். 1990ஆம் ஆண்டில் எனது பெரியம்மாவின் குடும்பம் தலைமன்னாரிலிருந்து இரவோடிரவாக வள்ளமேறி இராமேஸ்வரம் சென்றது. அதே ஆண்டு ஒக்ரோபரில் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலான ஊர்களிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுக் கடல்வழியே கற்பிட்டிக்குச் சென்றனர். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போதும் மன்னாரிலிருந்து சில குடும்பங்கள் மீண்டும் அதே கடலைக் கடந்து தனுஷ்கோடி மணலில் இறங்கின. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீற்றர். ஊசிவால் வாத்து அத்தூரத்தை அரைமணி நேரத்துக்குள் பறந்துவிடும். பெரியம்மா முப்பத்தைந்து ஆண்டுகளாகியும் திரும்பவில்லை. அங்கே பிறந்த அண்ணனுக்கு எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இல்லை.

பறவைக்கு எல்லையில்லை, மனிதனுக்கு மட்டும் ஏன் எல்லை என்று நம் கவியரங்குகளில் அடிக்கடி கேட்கப்படுவதுண்டு. அவ்வொப்புமை எனக்கு உடன்பாடானதன்று. 2021ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரிற் சில கடற்காகங்களைப் பிடித்துச் செய்மதிக் கருவி பொருத்திப் பறக்கவிட்டனர். அவற்றுள் மேகா எனப் பெயரிடப்பட்ட பறவை இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, வடதுருவ வட்டத்துக்கு அப்பாலுள்ள யமால் தீபகற்பம் வரை சென்று மீண்டும் மன்னாருக்கே திரும்பியது. அப்பயணத்தில் துன்பம் உண்டு, பசி உண்டு, வழியிற் சாவும் உண்டு. ஆனால் அச்சத்தினால் ஓடுவது அதில் இல்லை. பகற்பொழுதின் நீளம் உடலுக்குட் காட்டும் குறிப்பின்படி, உரிய காலத்தில், கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு அது புறப்படுகின்றது. அதற்கு இரண்டு ஊர்கள் உண்டு. இரண்டுமே அதற்குச் சொந்தம். நம்மவரோ ஓர் ஊரை இழந்து மற்றோர் ஊரைப் பெறாதவர்கள். பறவைக்கு வேறு சொல் தேடவேண்டும் என்று நான் வாதிடவில்லை. சொற்கள் பொருள் மாறுவது இயல்பு. ஆயினும் மாமாவிடம் "வலசை" என்று கூறியபோது அவர் முகத்திற் கண்ட மாற்றத்தை நான் மறக்கவியலாது. "அதுகள் ஓடி வரேல்லைப் பிள்ளை, வரத்துக்கு வந்திருக்குதுகள்" என்றார். வரத்து என்பது எவ்வளவு நல்ல சொல்! ஆற்றுக்கு நீர் வரத்து, சந்தைக்கு மரக்கறி வரத்து, கழிக்குத் தாரா வரத்து.

அந்த வரத்துக்கு இனி வரும் இடையூறுகள் பற்றியும் சிறிது கூறாதிருக்க முடியாது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டில் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. மேலும் பல கோபுரங்களை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். மின்சாரம் வேண்டாம் என்று கூறும் நிலையில் நாம் இல்லை. நிலக்கரிப் புகையைவிடக் காற்று நல்லது என்பதும் மறுக்கவொண்ணாதது. ஆனால் மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தெற்கெல்லையில், பல இலட்சம் சிறகுகள் இறங்கி ஏறும் ஒடுங்கிய தீவொன்றைத்தானா அதற்குத் தெரிந்தெடுக்க வேண்டும்? மழைநீர் வடிந்தோடும் வழிகள் அடைபடுகின்றன என்ற மக்களின் முறைப்பாடும், பறவைகளின் வழி அடைபடுகின்றது என்ற ஆய்வாளரின் முறைப்பாடும் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. கழியின் நீர் மாறினால் சாதாழை மாறும். சாதாழை மாறினால் அதை மேயும் நாமத்தலையும் அதனூடே வளரும் இறாலும் ஒருங்கே போய்விடும். வலைவைத்துத் தாரா பிடித்து விற்பவர்களையும் ஊரில் அறிவேன். ஒரு தாராவின் விலை ஒரு நாட் கூலிக்கு நிகராகும்போது சட்டத்தை மட்டும் காட்டி அவர்களைத் திருத்திவிடலாம் என நான் நம்பவில்லை.

கடந்த மாசியில் நானும் மாமாவும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் பெயர்களை எழுதத் தொடங்கினோம். இடப்பக்கத்தில் நூலிலுள்ள பெயர். வலப்பக்கத்தில் மாமா வழங்கும் பெயர். முப்பத்தொரு பறவைகளுக்கு எழுதியாயிற்று. சிலவற்றில் வலப்பக்கம் இரண்டு மூன்று பெயர்களால் நிறைந்துள்ளது. ஆணுக்கு ஒன்று, பெட்டைக்கு ஒன்று, மாரியில் ஒன்று, கோடையில் ஒன்று. உள்ளான்களுக்கு வந்தபோது சற்றுத் தடை ஏற்பட்டது. முப்பது கிராம் நிறைகூட இல்லாத அச்சிறு பறவை வடதுருவத்துத் தரையிற் கூடுகட்டுவது என்று கூறினேன். மாமா நம்பவில்லை. தொலைநோக்கியை வாங்கி, வலையெடுக்க நேரமாவதையும் பொருட்படுத்தாது, சேற்றில் ஓடித்திரிந்த அக்கூட்டத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் தொலைநோக்கியைத் திருப்பித் தந்து, "அதுக்கு இப்ப பேர் வேண்டாம். இடத்தை விட்டுவை, யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். அந்த வரியின் வலப்பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது.