என் பெட்டியின் சாவி

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் பறிபோயின. அதன்பின் நகரின் வாயில்களில் எல்லாம் வாகனச் சோதனை. அப்போது நான் குருப்பட்டம் பெற்றுச் சில மாதங்களே ஆன உதவிப் பங்குத்தந்தை. தவக்கால இரவொன்றில், சாகக்கிடந்த மூதாட்டி ஒருவருக்கு நோயில்பூசுதல் வழங்க மொபெட்டில் விரைந்துகொண்டிருந்தேன். நற்கருணைச் சிமிழ் என் மார்பில். பின்னால் பூட்டிய தோற்பெட்டியில் புனித எண்ணெயும் சிலுவையும் மெழுகுதிரிகளும்.

சோதனைச் சாவடியில் எனக்கு முன்னே ஒரு டெம்போ நின்றது. அதிலிருந்து ஓர் இளைஞரை இறக்கியிருந்தார்கள். பெயரைக் கேட்டபின் காவலரின் குரல் கடுமையாயிற்று. அவருடைய தகரப்பெட்டி பூட்டியிருந்தது.

"சாவி அண்ணங்கிட்ட இருக்குதுங்க சார். அவரு பின்னால பஸ்ஸுல வர்றாருங்க."

காத்திருக்க எவருக்கும் பொறுமையில்லை. இரும்புக்கம்பியால் பூட்டை நெம்பினார்கள். சாலையில் விழுந்தவை இரண்டு சட்டைகள், பெண்குழந்தையின் கவுன், ஒரு கட்டுக் கடிதங்கள். வேறொன்றும் இல்லை. அவர் குனிந்து, ஒவ்வொன்றாகப் புழுதி தட்டி எடுத்துவைத்தார். உடைந்த பூட்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

அடுத்தது என் முறை. கைவிளக்கின் ஒளி என் வெள்ளை அங்கியில் விழுந்தது. "போங்க ஃபாதர்" என்றார் காவலர். பெட்டியை அவர் பார்க்கவே இல்லை. நானும் போய்விட்டேன். மூதாட்டி காத்திருந்தார் என்பது உண்மை. "என் பெட்டியையும் பாருங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடமே போதும் என்பதும் உண்மை. அன்றிரவு அவருக்குப் பாவமன்னிப்பு வழங்கினேன். எனக்கும் அது தேவை என்பதை உணர விடியும்வரை ஆயிற்று.

சோதனையே கூடாது என்பது என் வாதமன்று. 2024 செப்டம்பர் 27 அன்று திருச்சூரில் ஏ.டி.எம். இயந்திரங்களைக் கொள்ளையிட்ட கும்பல், காரோடு ஒரு கண்டெய்னர் லாரிக்குள் ஒளிந்து வந்தது. நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம் அருகே நம் காவல்துறையினர் துரத்திப் பிடித்தனர். மூடிய கதவுக்குப் பின்னே தீமை பதுங்கியிருக்கக்கூடும், திறந்துதான் பார்க்கவேண்டும்.

ஆனால் எவ்வாறு திறப்பது? 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, ஒருவரின் உடலைச் சோதிக்குமுன், நடுவர் அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அலுவலர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டெனச் சொல்லவேண்டும். அவர் சுமக்கும் பைக்கு அப்பாதுகாப்பு இல்லையென உச்சநீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. உடல் வேறு, பை வேறு என்பது எனக்குப் புரிகிறது. எனினும் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர்போகும் ஏழைக்கு அந்தப் பெட்டிதானே வீடு!

தொடக்கநூல் 44-ஆம் அதிகாரத்திலும் ஒரு வழிமறிப்பு உண்டு. யோசேப்பின் வீட்டு மேற்பார்வையாளர் சகோதரர்களைத் துரத்தி வந்து நிறுத்துகிறார். ஒவ்வொருவரும் தம் சாக்கைத் தாமே இறக்கி, தாமே அவிழ்க்கிறார். மூத்தவரில் தொடங்கி இளையவர்வரை எவருக்கும் விலக்கில்லை. ஆனால் பென்யமினின் சாக்கில் அகப்பட்ட வெள்ளிக் கிண்ணம், தேடியவரே முன்னதாக வைத்தது! சோதனைக்குச் சாட்சி ஏன் வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யப் பணிக்கிறது. நன்று. ஆயினும் திறந்த பெட்டியைத்தான் கருவி பதிவு செய்யும். திறக்காமல் விடப்பட்ட பெட்டிகளை அது அறியாது. அவற்றின் உரிமையாளர்களாகிய நாம் அறிவோம்.

இப்போதெல்லாம் சோதனைச் சாவடியில், கேட்குமுன்னரே சாவியை நீட்டுகிறேன். "உங்களுக்கு எதுக்குங்க ஃபாதர்?" என்று சிரிக்கிறார்கள்.

"முன்னால் நின்றவரிடம் கேட்டீர்களே" என்கிறேன்.