நான்காம் பக்கத்துக் கேள்வி

நாங்கள் மூவர். ஒரு பெரிய வங்கியின் தலைமை அலுவலகத்தில் வெவ்வேறு மாடிகளில் பணியாற்றினோம். மதிய உணவு வேளையில் புத்தகங்களைப் பற்றிப் பேசுவதற்கென்று சேர்ந்தவர்கள். 2012இல் எங்களில் ஒருவரின் தந்தை காலமானார். அவருடைய கணக்கை முடிப்பதற்காக எங்கள் வங்கியின் படிவத்தையே வாங்கிவந்து நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அதை முழுமையாகப் படித்தோம்.

அதன் தமிழ்ப் பகுதியில் 'லை'யும் 'னை'யும் பழைய துதிக்கை வடிவில் இருந்தன. எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்றது 1978இல். அதற்கு முன் அச்சுக்கோத்ததை நகலெடுத்தே காலம் தள்ளியிருக்கிறார்கள். வங்கி வைப்புகளுக்கு வாரிசை நியமிக்கும் விதிகள் வந்ததோ 1985இல். ஆகவே, 'நியமனம் உண்டா?' என்ற கேள்வி நான்காம் பக்கத்தின் அடியில், பிற்பாடு இடுக்கிச் சேர்த்த ஒற்றை வரியாக இருந்தது. அதற்கு முன்னுள்ள மூன்று பக்கங்களும் சட்டப்படியான வாரிசுகள் அனைவரின் விவரங்களையும் இரண்டு ஜாமீன்தாரர்களின் கையொப்பத்தையும் கேட்டன. நியமனம் இருந்தால், தொகை எவ்வளவாயினும் ஜாமீனோ வாரிசுரிமைச் சான்றிதழோ கேட்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2005இலேயே அறிவுறுத்தியிருந்தது. நண்பரின் தாயார் பெயரில் நியமனம் இருந்தது. அது தெரியவருமுன் அந்த அம்மாள் ஜாமீன் கையொப்பத்துக்காக இரண்டு உறவினர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்துவிட்டார். ஒருவர் யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பியிருக்கிறார்.

படிவத்தைத் திருத்தி அமைக்க அனுமதி கேட்டோம். முதல் முறை, மேலதிகாரிகள் ஒதுக்கிய நாற்பது நிமிடம் பன்னிரண்டாகச் சுருங்கியது. வண்ணப் படங்கள் காட்டினோம். லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் 1931இல் வரைந்த வரைபடத்தை நிர்வாகம் முதலில் மறுத்து, 1933இல் அச்சிட்ட கதையையும் சொன்னோம். (இலக்கிய வாசகர்களுக்கே உரிய கோளாறு இது, கதை சொன்னால் போதும் என்று நம்பிவிடுவோம்.) "நன்றாக இருக்கிறது. இதனால் வைப்பு கூடுமா?" என்று கேட்டார் ஒரு பொது மேலாளர். பதிலில்லாமல் எழுந்து வந்தோம்.

எட்டு மாதம் கழித்து மீண்டும் வாய்ப்புக் கிடைத்தது. இம்முறை படம் ஏதும் கொண்டுபோகவில்லை. ஆளுக்கொரு படிவமும் பேனாவும் கொடுத்து, தங்களுக்குப் பின் தங்கள் வீட்டார் நிரப்புவதாக எண்ணி எழுதும்படி வேண்டினோம். ஒருவர் "அபசகுனம்" என்று பேனாவை மூடிவைத்தார். அவர் கோபம் நியாயமானதே. மற்றவர்கள் எழுதினார்கள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். வைப்பைப் பற்றிக் கேட்ட அந்தப் பொது மேலாளர் நான்காம் பக்கத்தின் அடியை எட்டியதும் நிமிர்ந்தார்.

"இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே?"

எங்கள் வாதம் முழுவதையும் அவரே சொல்லிவிட்டார். கேள்வியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர அன்றே இசைவு கிடைத்தது. சட்டப் பிரிவின் அதிகாரி மட்டும், "ஜாமீன் பக்கம் தனித்தாளாக இருந்துவிட்டுப் போகட்டும், 'தேவைப்பட்டால்' என்று தலைப்பிடுங்கள்" என்றார். நியமனம் உள்ளவர்களிடம் அந்தத் தாளையே தரக்கூடாது என்று நாங்கள் வற்புறுத்தியிருக்க வேண்டும். கைக்கு வந்தது நழுவிவிடுமோ என்ற அச்சத்தில் தலையாட்டினோம். அந்த அம்மாளின் பெயரையோ திண்ணையையோ எங்களில் எவரும் அங்கே வாய்திறந்து சொல்லவில்லை.

புதிய படிவம் கிளைகளுக்குப் போன சில மாதங்களில், வேறொரு வேலையாக ஒரு கிளைக்குச் சென்றிருந்தோம். முகப்பில் ஒரு பெண்மணி இறப்புச் சான்றிதழோடு நின்றார். எழுத்தர் முதல் தாளை எடுத்தார்; எங்கள் கேள்வி மேலேயே, புது லையும் னையுமாக, தெளிவாக இருந்தது. அவர் ஜாமீன் தாளையும் எடுத்து இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தி அந்தப் பெண்மணியிடம் நீட்டினார்.

"எதற்கும் இதையும் நிரப்பிக் கொண்டுவாருங்கள் அம்மா."