நுணல் என்றொரு சொல்

பாலைவன உயிர்களைப் பற்றிச் சிறுவர்க்கான கட்டுரையொன்றை நாம் தமிழாக்க முற்பட்டபோது, ஆங்கிலத்தில் 'ஸ்பேட்ஃபுட் டோட்' என வழங்கும் உயிரியின் பெயரில் சில நாள்கள் நின்றுவிட்டோம். 'மண்வெட்டிக்கால் தேரை' என எழுதிவிட்டு மேலே சென்றிருக்கலாம். ஆயினும், எதைக் கண்டு இடப்பட்ட பெயர் என்று அறியாமல் அதைப் பெயர்ப்பதில் நமக்கு உடன்பாடில்லை.

இவற்றுள் ஓரினம் வட அமெரிக்காவின் சோனோரன் பாலைவனத்தில் வாழ்கிறது. அதன் பின்னங்கால்களின் அடியில் மண்வெட்டி போன்ற கரிய, கெட்டியான விளிம்பு உண்டு. அதனால் மண்ணைத் தள்ளியபடி பின்புறமாகவே பூமிக்குள் இறங்கி, ஆண்டில் 8 முதல் 10 மாதங்கள் வரை அங்கேயே கிடக்கும். கோடைமழையின் அதிர்வு எட்டியதும் மேலேறி வரும். ஆண்கள் குட்டைகளில் ஆடு கத்துவது போல் குரலெழுப்பித் துணையை அழைக்கும். குட்டை வற்றுமுன் தலைப்பிரட்டைகள் உருமாறியாக வேண்டும். 8, 9 நாள்களிலேயே அது நிகழ்வதும் உண்டு.

1836இல் ஹோல்புரூக் இட்ட 'ஸ்கேஃபியோபஸ்' என்னும் கிரேக்கப் பெயருக்கும் மண்வெட்டிக்கால் என்பதே பொருள். இதன் ஐரோப்பிய உறவினத்தை ஜெர்மானியர் அதன் வாடையால் 'பூண்டுத் தேரை' என்றனர். பாலைவன இனத்திற்கோ 1854இல் பெயர்டு, மெக்சிகோவில் உயிரிகளைத் திரட்டிய படை அதிகாரி டேரியஸ் கௌச்சின் பெயரைச் சூட்டினார். இவை உண்மைத் தேரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதால், அறிவியலாளர் பலர் 'டோட்' என்பதை விடுத்து 'ஸ்பேட்ஃபுட்' என்றே எழுதுகின்றனர். ஆகவே தமிழிலும் தேரை என்பது முழுதும் பொருந்தாது.

மேலும், இப்பெயர்கள் எதிலும் அதன் குரல் இல்லை. அப்போதுதான் நுணல் நினைவுக்கு வந்தது. மணலுக்குள் மறைந்து கிடந்தும் தன் வாயால் கெடுகிற உயிராக அதைப் பழமொழி நானூறு காட்டுகிறது. நம் நிலத்து நுணல் வேறு, அமெரிக்கப் பாலையின் இவ்வுயிர் வேறு என்பதை நாம் அறிவோம். எனினும் ஒளிந்திருப்பதையும் ஓலமிடுவதையும் ஒருங்கே நினைவூட்டும் சொல் வேறெதுவும் நமக்குக் கிட்டவில்லை. 'மண்வெட்டிக்கால் நுணல்' என்றே எழுதினோம்.

அந்தப் பழமொழியிலேயே இன்று பலரும் நுணலை நீக்கித் தவளையை வைத்துவிட்டனர். பொதுப்பெயர் வந்தமர்ந்த இடத்தில், மணலுக்குள் வாழும் தவளையும் உண்டு என்கிற செய்தி மறைந்துபோயிற்று. உழும்போதும் கிணறு தோண்டும்போதும் வெளிப்படும் தவளைக்கு உங்கள் ஊர்ப் பெரியவர்கள் தனிப்பெயர் சொல்வார்களாயின், அதைக் கேட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த மொழிபெயர்ப்பாளருக்கு அது உதவும்.