ஆயாவும் பாடம் எடுக்கிறார்

தமிழ்நாட்டு அங்கன்வாடி மையங்களில் யாருக்கு என்ன வேலை என்பது காகிதத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. பணியாளர் பாடம் நடத்துவார், எடை பார்ப்பார், பதிவேடு எழுதுவார். பிள்ளைகளுக்கு அவர் டீச்சர். உதவியாளர் சமைப்பார், பெருக்குவார், பிள்ளைகளை வீடுவீடாகப் போய் அழைத்துவருவார், அவர் ஆயா. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியதிலிருந்து இந்தக் கோடு பெரிதாக மாறவில்லை. மையங்களுக்குள் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பட்டது, இந்தக் கோடு காலை பத்து மணியைத் தாண்டுவதில்லை என்பதுதான். ஆயா செய்யும் வேலையில் பெரும்பகுதி கற்பித்தல். அதை அப்படிக் கணக்கில் எடுக்காததால் பிள்ளைகளுக்கும் நட்டம், அவருக்கும் நட்டம்.

முட்டை உள்ள நாளில் இது நன்றாகத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் முட்டை. வெந்ததைப் பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஆயா தரையில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினால், பாயில் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து அவரைச் சுற்றி வந்துவிடுகின்றன. கொஞ்சம் வளர்ந்த பிள்ளையின் கையில் ஒரு முட்டையைக் கொடுத்து, ஓட்டை எந்தப் பக்கம் தட்டினால் லேசாகக் கழலும் என்று காட்டுகிறார். இரண்டு வயதுப் பிள்ளைக்கு முழுசாகத் தருவதில்லை, வாய்கொள்ளாமல் திணித்துக்கொள்ளும், பிட்டுத்தான் தருகிறார். நடுவே, “இன்னும் யாருடா வரல? அவளுக்கு ஒண்ணு எடுத்து வை” என்கிறார். ஒரு பையன் எடுத்து வைக்கிறான், தட்டுக்கொன்றாக முட்டையைப் பார்த்துக்கொண்டே போகிறான், ஒரு தட்டில் இல்லை என்று கத்துகிறான். ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்ப்பது எண்ணறிவின் முதல் படி. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு டீச்சர் பட அட்டையில் செய்விப்பதும் இதைப் போன்றதுதான். முட்டைக்குக் கவனம் தானாக வருகிறது, அட்டைக்கு வரவழைக்க வேண்டியிருக்கிறது!

ஓசூர், தளி பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அங்கே பல வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் கன்னடம். அழுதுகொண்டு வரும் பிள்ளையின் மொழி தெரிந்த ஆயா, தண்ணீர் வேண்டுமா, ஒண்ணுக்கு வருகிறதா என்று அதன் மொழியிலேயே கேட்டு, அடுத்த வாக்கியத்தைத் தமிழில் சொல்கிறார். பிள்ளை தமிழுக்குள் வருவது அந்த வழியாகத்தான். மொழிப்பாடம் அவருடைய வேலைப் பட்டியலில் எங்கும் இல்லை.

பத்தாம் வகுப்பு படித்தவரை ஆசிரியர் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2025இல் நடந்த ஆள்சேர்ப்பில் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு தகுதியாக இருந்தது. வித்தியாசம் இரண்டே ஆண்டுகள். பாடம் நடத்தும் பயிற்சி அந்த இரண்டு ஆண்டுகளில் கிடைப்பதும் இல்லை. பணியாளருக்கு அது வேலையில் சேர்ந்த பிறகு துறை கொடுப்பது. ஆயாவுக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் சமையல், சுத்தம், உணவுப் பாதுகாப்பு பற்றித்தான். பயிற்சி தராமல் வைத்துக்கொண்டு பயிற்சி இல்லை என்று குறை சொல்வது நியாயமான தடை ஆகாது.

மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டியது, தன் பேச்சுக்குப் பதில் சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே கிடைத்த சான்று ஒன்று உண்டு. அலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களில் கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் முன்னே போயிருந்தார்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளின் விகிதமும் குறைந்தது. பழைய பணியாளருக்கு உடல்நலம், ஊட்டச்சத்து வேலைகளுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது அதற்குக் காரணம். அங்கே வந்தவர் புதியவர், ஆயா அல்ல. ஆயாவின் திறமைக்கு இந்த ஆய்வைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. பிள்ளைகளோடு இருக்க இன்னொரு ஆள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி அது. உதவியாளர் பணியிடமே இல்லாமல் ஒரே பணியாளரோடு தொடங்கப்பட்ட மினி அங்கன்வாடிகளை நினைத்துப் பார்த்தால் இதன் மறுபக்கம் புரியும். குக்கர் விசில் அடிக்கும்போது பாட்டு பாதியில் நிற்கும்.

எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறு. அடுப்பையும் துடைப்பத்தையும் கையில் கொடுத்துவிட்டு, பாடமும் நீங்களே எடுங்கள் என்று சொன்னால் அது சுமை ஏற்றுவதுதானே? உதவியாளர் மதிப்பூதியத்தில் மத்திய அரசுக் கணக்கு 2018 அக்டோபரில் 1,500 ரூபாயிலிருந்து 2,250 ஆனது. தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் தருகிறது, அதிலும் உதவியாளருக்குத் தொடக்கம் 4,100 ரூபாய்தான். இந்தக் காசுக்கு இன்னொரு வேலையா என்று ஒரு ஆயா கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் நான் கேட்பது புது வேலை அல்ல. இப்போதே நடக்கும் வேலைக்குப் பயிற்சியும் அதற்கேற்ற ஊதியமும் கேட்கிறேன். பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சேவை, தொண்டு என்று சொல்லிச் சம்பளத்தைச் சுருக்கும் வாதத்துக்கு அதன் பிறகு வலு குறைந்துவிட்டது. பாத்திரம் கழுவும் நேரத்தைக் குறைக்கத் தனி ஆள் போடுவதா, பல மையங்களுக்குப் பொதுச் சமையலறையா என்பது பிறகு பேச வேண்டியது. (பொதுச் சமையலறையில் எனக்குத் தயக்கம் உண்டு, முட்டை உரிக்கும் அந்த நேரமும் வண்டியேறிப் போய்விடும்.)

ஆயாவுக்குக் கற்பிக்க வரும் என்பது அரசுக்கும் தெரியாமல் இல்லை. 2022இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், பணியாளர் இடங்களில் பாதியை ஐந்தாண்டு அனுபவமுள்ள உதவியாளர்களுக்குப் பதவி உயர்வாகத் தரச் சொல்கிறது. அடுப்படியில் மட்டும் இருந்தவருக்கு ஐந்தாண்டில் வகுப்பு நடத்த எப்படி வரும்? டீச்சர் மாதக் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ வட்டார அலுவலகம் போகும் நாளில் மையத்தைப் பூட்டுவதில்லை. அன்று சமைப்பதும் ஆயா, எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வதும் ஆயா. அடுத்த பயிற்சிக்கு இரண்டு பேரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாலே போதும், முதல் செலவு ஒரு நாள் பஸ் கட்டணம்.